நாலு நாள் கஞ்சி

திருச்சியிலிருந்து அண்ணன் போனில் தீர்ப்பே சொல்லிவிட்டான்: "உனக்கு சுகர்னு வந்துச்சுன்னா மூட்டையக் கட்டு. அந்த ஊர்ல உனக்கு யாரு இருக்கா? தனியாக் கெடந்து சீரழிய வேண்டாம்."

நான் கொழும்பு வெள்ளவத்தைக்கு வேலை விசாவில் வந்தவள். பகலில் கம்பெனிக் கணக்கு, மாலையில் கடற்கரை, இரவில் மூலைக்கடை கொத்து ரொட்டி. ஏன் எதற்கு என்று கேட்க ஆளில்லாத இந்த வாழ்க்கையை விட்டுப் போக எனக்கு மனமே இல்லை. அதனால் இரத்தப் பரிசோதனைக்கு முன்னால் நாலு நாள் வெறும் கஞ்சி குடித்தேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ரிப்போர்ட்டோடு எங்கள் சந்தில் இருக்கும் டாக்டரிடம் போனேன். பகலில் ஆஸ்பத்திரி வேலை முடிந்து, மாலையில் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்ப்பவர். காத்திருந்தபோது பக்கத்தில் எங்கள் கீழ்வீட்டு ஆன்ட்டி. அவர் பிரஷருக்கு வந்திருந்தார். என் நம்பரைக் கூப்பிட்டதும் அவரும் எழுந்துகொண்டார்.

"உக்காருங்க ஆன்ட்டி, இது என் நம்பர்."

"தெரியும் பிள்ளை. டொக்டரிட்டை தனியப் போறதோ? நடவுங்கோ."

அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். டாக்டரும் அதிசயப்படாமல் அவருக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"சாப்பாடு எப்படி?"

"கஞ்சிதான் டாக்டர்," என்றேன் அடக்கமாக.

"கஞ்சியோ? ஒவ்வொரு நாளும் இரவில கொத்து ரொட்டியெல்லோ! படியெல்லாம் மணக்கும் டொக்டர்," என்றார் ஆன்ட்டி.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "இது மூண்டு மாசச் சராசரி அம்மா. கடைசி நேரத்தில கஞ்சி குடிச்சு இதை மாத்த ஏலாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் கஞ்சியில் மறைக்கப் பார்த்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் கணக்குப் பார்ப்பவள், என் இரத்தத்தின் கணக்கில் கோட்டை விட்டுவிட்டேன்.

"சுகர் இன்னும் வரேல்ல. ஆனா வாசலுக்கு வந்திட்டுது," என்றார் டாக்டர்.

"அப்ப நான் ஊருக்குப் போயிடணுமா? தனியா இருக்கக் கூடாதுன்னு எங்கண்ணன் சொல்றான்." என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையின் குரலாகக் கேட்டது.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் ஆன்ட்டி முந்திக்கொண்டார். "ஊருக்கு ஏன்? விடிய நான் கடற்கரையில நடக்கப் போறனான். கதவைத் தட்டுறன், என்னோட வரட்டும். இரவுக்கு நான் குரக்கன் புட்டு அவிக்கிறன், உங்கட ஊர்க் கேழ்வரகுதான்."

கேட்க ஆளில்லை என்று கொண்டாடிக்கொண்டிருந்தவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. இங்கே எனக்கு யாரும் இல்லை என்று அண்ணன் சொன்னதை நானும் இத்தனை நாள் நம்பித்தான் இருந்திருக்கிறேன். மூக்கை உறிஞ்சினேன். நிறுத்த முடியவில்லை.

டாக்டர் பாவம், பதறிப்போய்விட்டார்.

"அழாதேங்கோ அம்மா. கொத்து ரொட்டி மாசத்தில ஒருக்கா சாப்பிடலாம்."