சாம்சன் காட்டிய டெல்லி

ராஜபாளையத்தில் யாருக்காவது டெல்லி பார்க்க ஆசை வந்தால் சாம்சனைத்தான் தேடுவார்கள். பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். அதில் ஒன்பது வருடம் டெல்லியிலேயே வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்று வந்து சும்மா இருக்கப் பிடிக்காமல், பத்துப் பேரைச் சேர்த்து ரயிலேற்றி, அங்கே ஒரு வேன் பிடித்து, சுற்றிக் காட்டிக் கொண்டுவந்து சேர்ப்பார். அவர் விளக்கம் சொல்வதே தனி. “நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்து உச்சியில ஒரு பனைமரத்த நட்டா எம்புட்டு உசரம் வரும்? அதான் குதுப்மினார்” என்பார். வருடக் கணக்கெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். யாரும் கண்டுகொள்வதில்லை.

வீட்டில் மட்டும் அவருக்கு வேறு பேச்சு. பட்டாளத்திலிருந்து லீவில் வரும்போதெல்லாம் மனைவி ஜாஸ்மின், “என்னய எப்ப டெல்லிக்குக் கூட்டிட்டுப் போவீய?” என்று கேட்பாள்.

“அது மனுசன் இருக்க ஊரா? குளிருல பல்லு தந்தியடிக்கும். பாக்க என்ன இருக்கு? நாலு இடிஞ்ச சுவரு” என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

இந்தப் பிப்ரவரியில் சர்ச் மாதர் சங்கத்துப் பெண்கள் டெல்லிக்குக் கிளம்பினார்கள். டிக்கெட்டைச் சங்கமே எடுத்துவிட்டது. வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று சாம்சன் நினைத்த ஜாஸ்மின், பெட்டியோடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

“நானும் மெம்பர்தான்” என்றாள்.

சாம்சன் வசமாக மாட்டிக்கொண்டார். டெல்லியை மெச்சினால் பெண்டாட்டியிடம் பொய்யன். மெச்சாவிட்டால் நம்பி வந்தவர்களிடம் பெயர் கெட்டுவிடும். ரயிலில் போன இரண்டு நாளும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் போனது ஹுமாயூன் சமாதி. “இது ஒரு ராசாவ அடக்கம் பண்ணுன எடம். பாத்தாச்சா? வேனுக்குப் போவோமா?” என்றார்.

சங்கத் தலைவி பரிபூரணத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன தம்பி, ஒம்ம வாய்க்காகத்தான இம்புட்டுத் தூரம் வந்தோம்? செத்த நேரம் நின்னு சொல்லும்!”

சாம்சன் ஏறிட்டுப் பார்த்தார். காலை வெயிலில் சிவப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மின்னின. அவருக்கு இந்த இடம் உயிர். அடக்க முடியவில்லை. “இதக் கட்டுனது ராசா இல்லம்மா, அவரு சம்சாரம். புருசன் போன பொறவு, ஒலகமே பாக்கட்டும்னு கட்டுனாவ. அந்தா வாய்க்கால் ஓடுதுல்லா, நம்ம அய்யனார் கோவில் ஓடைய நூல் புடிச்சு விட்ட மாதிரி...” என்று ஆரம்பித்தவர், ஜாஸ்மினைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“நாலு சுவருல இது எத்தனாவது சுவரு?” என்று கேட்டாள் ஜாஸ்மின்.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சாம்சன் அவளை மர நிழலுக்குக் கூட்டிப் போனார்.

“குடும்பத்தோட இருக்க எனக்கு இங்க குவார்ட்டர்ஸ் கெடச்சிது, ஜாஸ்மின். அப்பதான் ஊருல, வன்னியம்பட்டி வீட்டுல அப்பா கை கால் விழுந்து கெடந்தாவ. ஒன்னய விட்டா அவியளப் பாக்க யாரு இருக்கா? சொன்னா நீ கெளம்பி வந்துருவியோன்னு பயம். அதான் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு, ஊரையே கொற சொல்லிட்டேன்.”

மாமனாரைக் கடைசி வரை குளிப்பாட்டி, ஊட்டிவிட்டவள் அவள்தான்.

“கேட்டிருந்தீயன்னா, நானே இருந்து பாத்துக்கிடுதேன்னு சொல்லிருப்பேன். நீங்க கேக்கவே இல்லியே” என்றாள்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே இருந்த வெள்ளைக் கும்மட்டத்தைக் கை காட்டினாள்.

“அது என்ன? சொல்லுங்க. ஒண்ணு விடாமச் சொல்லணும்.”

சாம்சன் சொல்ல ஆரம்பித்தார். கும்மட்டத்தைச் சொன்னார், தோட்டத்தைச் சொன்னார், குளிர்காலத்தில் இங்கே தனியாக வந்து உட்கார்ந்திருந்ததையும் சொன்னார்.

“எங்களுக்கும் கேக்கிற மாதிரி சொல்லும் தம்பி!” என்று பின்னாலிருந்து பரிபூரணம் கத்தினாள். சாம்சன் திரும்பவே இல்லை.