நடிகையின் ஜெர்மன் குரல்

ஹனோவரில் ரயில் நிற்கிறது. எதிரே இருக்கும் ஜெர்மன் பெண்மணி, சஞ்சிகை அட்டையிலுள்ள சுவீடன் நடிகையைக் காட்டிச் சிரித்தபடி ஏதோ சொல்கிறார். சிவம் அண்ணை எனக்குத் தமிழில் சொல்கிறார்.

"இந்த நடிகையின்ர படங்கள் எல்லாத்துக்கும் ஜெர்மனில குரல் குடுத்தது இவதானாம்."

"எங்கயாவது பிழை விட்டவவோ எண்டு கேளுங்கோ அண்ணை."

அண்ணை கேட்டதும் பெண்மணியின் சிரிப்பு நின்றுவிடுகிறது. நீளமாகப் பேசுகிறார். நடுவில் தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறார், கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைக்கிறார்.

"என்னவாம் அண்ணை?"

"ஓமாம். ஒரு படத்தில பிழைச்சுப் போச்சாம்."

"அவ்வளவுதானோ?"

"ஓம், அவ்வளவுதான்."

ரயில் நகர்கிறது. மடியிலுள்ள கடதாசிகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். நாளைக் காலை என் அகதி விசாரணையில், நான் சொல்வதை அதிகாரிக்கு ஜெர்மனில் சொல்லப்போவதும் சிவம் அண்ணைதான்.