முழுசாகச் சொன்னால் புத்தகம் விற்காது

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு புத்தகக் கடை. அங்கே நான் கவுன்ட்டரில் நிற்க ஆரம்பித்த புதிது. ஒரு காலை முதலாளி இன்ச் டேப்போடு வந்து கடைசி அலமாரியை அளந்தார். அது என் அலமாரி. மூளை, எறும்பு, பணம் எப்படி வந்தது, நாம் ஏன் பொய் சொல்கிறோம் என்று, கதையும் கவிதையும் அல்லாத அபுனைவு நூல்களாக நானே பார்த்துப் பார்த்து அடுக்கியது.

“நவராத்திரி வரைக்கும் பாப்பேன் நூர்ஜஹான். மூவ் ஆகலன்னா இங்க கொலு பொம்மை வச்சிடுவேன்.”

“புத்தகக் கடையில பொம்மையா சார்?”

“பொம்மை விக்கும்மா. உன் எறும்பு விக்க மாட்டேங்குதே!”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அன்றே களத்தில் இறங்கினேன். பில் போட வருகிறவர்களிடமெல்லாம், “நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கிட்டா ஏன் சிரிப்பு வரல?” என்று கேட்பேன். பஞ்சாங்கம் வாங்க வந்தவர்கூட நின்றுவிடுவார். நம் கை எங்கே வரப்போகிறது என்று மூளை முன்கூட்டியே கணித்துவிடுவதில் ஆரம்பித்து, கடைசி அத்தியாயம்வரை அக்குவேறு ஆணிவேறாக விளக்குவேன். சிலர் கைதட்டினார்கள். கடை களைகட்டியது. ஆனால் அந்த அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் நகரவில்லை.

எதிர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் ஏழுமலை அண்ணன் டீயும் கையுமாக வாசலில் நின்று தினமும் கேட்பார். அவரிடமே புலம்பினேன்.

“இவ்ளோ ரசிச்சுக் கேக்குறீங்களே அண்ணே, ஒண்ணு வாங்கக் கூடாதா?”

“இன்னாத்துக்கு வாங்கணும்? அதான் நீயே புட்டுப் புட்டு வச்சிட்டியே! புக்குல மிச்சம் இன்னா கீது?”

அடிப்பாவி நூர்ஜஹான் என்று தலையில் அடித்துக்கொண்டேன். புத்தகத்தின் மேலிருந்த ஆசையில் நானே அதன் விற்பனையைக் கெடுத்திருக்கிறேன்.

மறுநாளே அவரிடம் ஒத்திகை பார்த்தேன். “எறும்பு போற வழியில டிராஃபிக் ஜாம் ஆகறதே அபூர்வம், தெரியுமா அண்ணே?”

“மெய்யாலுமா? சிக்னல் இல்லாமயா? எப்டிமா?”

“புக்குல இருக்கு.”

“ஏய், மிச்சத்த சொல்லு! வண்டி ஓட்டிக்கினு இதையேவா நெனச்சிக்கினு இருப்பேன்?”

முறைத்துக்கொண்டே போனார். சவாரியை அடையாறில் இறக்கிவிட்டு நேராகத் திரும்பி வந்தார், புத்தகத்தை வாங்கினார். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அடுத்து, பஜனைப் புத்தகம் மட்டுமே வாங்கும் மாமி ஒருத்தி வந்தாள். “நேத்து அந்தக் கிச்சுகிச்சு சமாசாரத்தைப் பாதியில விட்டுட்டியேடிம்மா! ஆத்துல மாமா அப்பறம் என்னன்னு கேட்டுண்டே இருக்கார். அந்தப் புஸ்தகத்தைக் குடு.”

இப்படியே விற்பனை சூடு பிடித்தது. நவராத்திரிக்குக் கொஞ்ச நாள் முன்பு, சாப்பிட்டுவிட்டுக் கடைக்குள் நுழைகிறேன். முதலாளி அலமாரி முன்னால் நின்று ஒரு கல்லூரிப் பெண்ணிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். ஆச்சரியம்! எனக்குத் தெரியாமல் எடுத்துப்போய்ப் படித்திருக்கிறார்.

“கூட்டம் அதிகமாச்சுன்னா அந்த எறும்புங்க என்ன பண்ணும்னா...”

அந்தப் பெண் கேட்டுக்கொண்டே, கையிலிருந்த எறும்புப் புத்தகத்தை மெல்லத் திரும்ப வைக்கப் போனாள்.

“சார்! வாய மூடுங்க!”

கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. போச்சு, வேலையும் போச்சு என்று நினைத்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அது... புக்குல இருக்கும்மா,” என்றார். அவள் சிரித்துக்கொண்டே பில் போட வந்தாள்.

இப்போது இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நல்ல கேள்வியைத் தாராளமாகக் கொடுங்கள். விடையை, புத்தகம் வாங்குகிறவர் தன் வீட்டில் உட்கார்ந்து தானே கண்டுபிடிக்கட்டும், அந்தச் சந்தோஷம் அவருக்கு உரியது.

அன்று அந்தப் பெண் போனதும் முதலாளி என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“அலமாரி இருக்கட்டும். பொம்மையெல்லாம் வேணாம். ஆனா அந்த எறும்பு விஷயத்த யார்கிட்டயாவது சொல்லலன்னா எனக்குத் தலை வெடிச்சிடும்மா.”

“என்கிட்ட சொல்லுங்க சார். நான்தான் ஏற்கெனவே படிச்சிட்டேனே.”

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.