ஷாஹினா கொடுக்காத குப்பி

எலும்பு மஜ்ஜையிடம் ரத்தம் செய்யச் சொல்லும் புரதம் ஒன்றை நம் சிறுநீரகம் சுரக்கிறது. அதற்கான மனித மரபணுவை ஒரு விலங்கின் செல்லுக்குள் வைத்து வளர்த்து, அதே புரதத்தை ஆய்வுக்கூடங்களுக்காகத் தயாரித்து விற்கிறார்கள். போர்ட் பிளேரில் ஷாஹினா வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கும் மெயின்லேண்டிலிருந்து அப்படி ஒரு குப்பி வந்தது. மலேரியாக் கிருமி இளம் சிவப்பணுக்களுக்குள் எப்படி நுழைகிறது என்று பார்க்க, அந்த அணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது அவள் வேலை. குப்பியின் அடியில் பொடி இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. ‘ஆய்வுக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தக் கூடாது’ என்று மேலே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்.

அவள் வாப்பா மீரானுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. டயாலிசிஸோடு ஓர் ஊசியும் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஊசியில் இருந்ததும் இதே புரதம்தான், ஆனால் மருந்தாகச் செய்தது.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் புயல் வந்து கப்பல் நின்றது. விமானங்களும் இறங்கவில்லை. ஊசி தீவில் எங்குமே கிடைக்காமல் போனது. லம்பா லைனில் உள்ள வீட்டின் படியேறவே வாப்பாவுக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளுத்துவிட்டது.

அபர்டீன் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த அவள் அண்ணன் நௌஷாத் ஒரு மாலை கடையைச் சாத்திவிட்டு வந்தான்.

“உங்க லேப்ல அதே பேர்ல ஒண்ணு இருக்காமே. கொண்டு வா.”

“அது மருந்து இல்ல காக்கா.”

“பேரு ஒண்ணுதானே?”

“பேரு ஒண்ணு. அதுல கிருமி இருக்கா, வேற என்ன கலந்திருக்குன்னு மனுஷ உடம்புக்காக யாரும் சோதிக்கல. தட்டுல இருக்கிற செல்லுக்கு ஊத்துறது அது. வாப்பா ரத்தத்துல ஏத்தினா என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.”

“அரே, ஊசி போடாம இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்! வாப்பா மௌத்தாயிட்டா?”

உள்ளே கட்டிலில் வாப்பா விழித்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

“அப்பவும் கொடுக்க மாட்டேன்.”

உம்மா சம்சாத் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். உள்ளேயிருந்து வாப்பாவின் குரல் வந்தது: “இனி அவ கையால எனக்குத் தண்ணி கூட வேணாம்.”

நௌஷாத் அதோடு விடவில்லை. மறுநாள் ஆய்வுக்கூடத் தலைவர் திருநாவுக்கரசுவையே போய்ப் பார்த்து அழுதான். அவர் இரக்கமுள்ள மனிதர். ஷாஹினாவைக் கூப்பிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே பேசினார்.

“ஃப்ரீசர் சாவி உங்ககிட்டதாம்மா இருக்கு. நான் எதையும் பார்க்கல.”

இப்போது அவள் கையை நீட்டினால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை, வீட்டில் எல்லோரும் அவளைக் கட்டிக்கொள்வார்கள்.

“பாருங்க சார். நீங்க பார்க்கணும்” என்று சாவியை அவர் மேசையில் வைத்தாள். “வாப்பாவுக்கு ஊசி வர்ற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு வேணும்னா உங்க முன்னாலதான் திறப்பேன்.”

அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போய் ஆட்டோவை வரவழைத்தாள். வாப்பா வரமாட்டேன் என்றார். “என்னைத் திட்டிக்கிட்டே வாங்க” என்று அவர் கையைத் தன் தோளில் போட்டுத் தூக்கினாள். ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டாக்டர் சுசீலா, ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும், ரத்த வங்கியில் கையிருப்பு குறைவு, பதிலுக்கு யாராவது கொடுக்க வேண்டும் என்றார். ஷாஹினா அங்கேயே கையை நீட்டிப் படுத்தாள். பிறகு நௌஷாதுக்கு போன் செய்தாள்.

“என்னைத் திட்டணும்னா இங்க வந்து திட்டு. வந்து ரத்தமும் கொடு.”

அவன் வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டே பக்கத்துக் கட்டிலில் படுத்தான். அவர்கள் ரத்தம் வங்கிக்குப் போனது. வாப்பாவுக்கு முன்பின் தெரியாத யாரோ ஒருவருடையது ஏறியது. சாயங்காலம் அவர் கஞ்சி கேட்டார், ஆனால் உம்மாவிடம்தான் கேட்டார்.

வானம் தெளிந்து முதல் விமானம் இறங்கியதும் சென்னையிலிருந்து ஊசியும் வந்தது. வாப்பா மறுபடி படியேறினார். ஷாஹினா சாவியை வாங்கிக்கொண்டு குப்பியைத் திறந்தாள். தட்டில் அணுக்கள் சிவந்து வந்தன.

நௌஷாத் இன்றும் சொந்தக்காரர்களிடம் அந்தக் கதையைத் தன் பக்கத்திலிருந்துதான் சொல்கிறான். போன பெருநாளன்று ஒரு மாமி எல்லோர் முன்னாலும் கேட்டாள்: “பெத்த வாப்பாவுக்கே மருந்து இல்லன்னு சொன்ன பொண்ணு நீதானா?”

“மருந்து இல்லாததைத்தான் இல்லன்னேன் மாமி. நாளைக்கு நீங்க கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்” என்றாள் ஷாஹினா.

டயாலிசிஸ் நாட்களில் வாப்பா அவள் ஸ்கூட்டரின் பின்னால்தான் உட்கார்ந்து போகிறார். அவள் செய்தது சரி என்று அவர் இதுவரை சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.