மூன்றாம் ஓலையும் யோனாவின் மீனும்

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை கூறுவார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று வாசித்துவிட்டு, குருவானவர் சற்று நிறுத்துவார். எனக்கு இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவதற்குள் அந்த மீன் வந்து சேர்ந்தது.

சாரல் நன்றாக விழுந்த ஆனி மாதம். இரண்டு குடும்பமும் தென்காசியிலிருந்து ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தோம். ஈரத்தலையோடு புளியோதரை தின்னும்போது மாப்பிள்ளையின் அப்பா, வேதாகமத்தில் யோனா தீர்க்கதரிசியை மீன் விழுங்கி, மூன்றாம் நாள் உயிரோடு கக்கிய கதையை எடுத்தார். எங்கள் அப்பாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே!

"அண்ணாச்சி, மூணு நாளு மீன் வயித்துல கெடந்தவன் செமிச்சிர மாட்டானா? புத்தி சொல்ல வந்த கதை அது. நடந்ததுன்னு யாரு கண்டா?"

"ஆண்டவரே யோனாவைச் சொல்லியிருக்காருவே. அவரைப் பொய்யருங்கீரா?"

"கதை சொன்னாப் பொய்யா? ஆண்டவரு சொன்ன கதையில வார நல்ல சமாரியனுக்கு எந்தத் தெருன்னு சொல்லும் பாப்போம்!"

மாப்பிள்ளையின் அப்பா பாதிச் சோற்றில் கைகழுவினார். "மூணாம் ஓலைக்கு முந்தி, அது நடந்ததுதான்னு ஒத்துக்கிடும். இல்லன்னா சபையில நானே எந்திச்சுத் தடை சொல்லுவேன்" என்றார்.

மாப்பிள்ளைக்குச் செங்கோட்டை ரயில்வே ஸ்டேஷனில் வேலை. இவ்வளவு நடந்தும் அவர் குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தார். அதுதான் என்னை உறுத்தியது. அப்பனுக்குப் பயமா? என்னைப் பிடிக்கவில்லையா? நகை கூடுதலாகப் போடும் இடம் வேறு ஏதும் வந்து, மீனைச் சாக்காக்குகிறார்களா? அந்த வாரம் முழுக்க யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம். பெற்ற அப்பா மேலேயே சந்தேகம். மகள் கல்யாணத்தைவிட வாதத்தில் ஜெயிப்பதுதான் பெரிதோ?

"ஒரு வார்த்தை சொல்லித் தொலையுங்களேன்" என்று அம்மா அழுதாள்.

"நம்பாததை நம்புதேன்னு சொல்லியா இவளைக் கட்டிக்குடுக்கச் சொல்லுத?" என்றார் அப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் ஞாயிறு. ஓலையை வாசித்துக் குருவானவர் நிறுத்தினார். ஆண்கள் பக்கம் மாப்பிள்ளையின் அப்பா துண்டைச் சரிசெய்தார். அவர் எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயா, ரெண்டு பெரியவங்களும் அவங்க நம்புததைச் சொல்லிட்டாங்க. என்னைக் கெட்டப்போறவரு வாயே தெறக்கலை. அவரு என்ன நம்புதாருன்னு எனக்குத் தெரியணும்."

"இது தடையில சேராதேம்மா" என்று குருவானவர் தடுமாறினார். ஆனாலும் கோயிலே மாப்பிள்ளை பக்கம் திரும்பிவிட்டது.

அவர் எழுந்தார்.

"எனக்குத் தெரியலை. நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். தெரியாததைத் தெரியும்னு சொல்லப் பயம். அதான் அன்னைக்குப் பேசலை. இந்தப் பொண்ணைக் கெட்ட எனக்குப் பூரண சம்மதம்."

பெற்ற மகனே சபைநடுவில் இப்படிச் சொன்னபிறகு அவருடைய அப்பா எதற்கு எழுவார்? துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குருவானவர் அடுத்த அறிவிப்புக்குப் போனார்.

வெளியே வந்ததும் அப்பா என் காதில், "மாப்பிள்ளை நம்ம கட்சிட்டீ" என்றார். அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் மாப்பிள்ளையின் அப்பா, "நடந்திருக்கலாம்னு சொல்லிட்டாம்லா!" என்று யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரையும் நான் நம்பவில்லை. தெரியலை என்றவரை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன்.