சேகரன் மேஸ்திரி நட்ட தூண்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் கோபிநத்தம் சேகரன். ஆனால் மைசூரில் அவர் எழுப்பிய சுவர் ஒன்றுகூட விரல்கடை சாய்ந்ததில்லை. சந்தேகமிருந்தால் தேவராஜ மொஹல்லாவில் போய்த் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

1997-இல் மண்டகள்ளி விமானத் திடலில் இடுப்பளவு கான்கிரீட் தூண் ஒன்று கட்ட அவரைத்தான் தேடி வந்தார்கள். தூணின் தலையில் ஓர் ஆன்டெனா. அமெரிக்கா விட்ட செயற்கைக்கோள்கள், ரஷ்யா விட்டவை, இரண்டின் சிக்னலையும் அது வாங்கும். அந்த சிக்னல் எவ்வளவு பிசகுகிறது என்று தூணோடு இணைத்த கம்ப்யூட்டர் பெட்டி கணக்குப் போட்டு, இறங்கும் விமானத்துக்குச் சொல்லும். தூண் அசைந்தால் விமானமும் தடம் மாறும். ஒரே நாட்டுக் கோள்களை மட்டும் நம்பி இறங்கக் கூடாது என்று இன்ஜினியர் சாம்பசிவன் விளக்கியபோது சேகரன் சிரித்தார். அவரும் ஒற்றைக் குறியை நம்புகிற ஆளில்லை. பாறை தட்டும்வரை தோண்டித் தூணை நிறுத்தி, எட்ட இருந்த இரண்டு பாறைகளில் பித்தளை ஆணி அடித்து, அங்கிருந்து தூண்வரை அளவெடுத்து வைத்துக்கொண்டார்.

சோதனை நாளில், சிக்னலை மட்டும் நம்பி விமானி ஜன்னலை மறைத்துக்கொண்டு இறக்கிய சின்ன விமானம், ஓடுபாதை நடுவில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்குப் பத்தடி தள்ளித் தரை தொட்டது.

தூண் நகர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். காண்ட்ராக்டர் தொட்டையன் கடப்பாரையோடு வந்து, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஏனு மேஸ்திரி, உங்க தூணு வாக்கிங் போச்சா?"

இருபது வருஷத்துப் பேர் அந்தக் கடப்பாரை நுனியில் நின்றது. சேகரன் இரண்டு ஆணியிலிருந்தும் டேப் பிடித்து, சாம்பசிவனையே படிக்கச் சொன்னார். நூலளவும் மாற்றமில்லை.

அளந்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஆன்டெனாவில் வெளிச்சம் பளீரென்று அடிப்பதைக் கண்டார். சூரியன் இருந்ததோ எதிர்ப்பக்கம். வெளிச்சம் வந்தது, முந்தின நாள் தூணுக்குப் பக்கத்தில் தொட்டையன் போட்ட தகரக் கொட்டகையிலிருந்து.

"சார், வெயிலே தகரத்துல பட்டுத் திரும்புதுங்க. மேலருந்து வர்ற உங்க சிக்னலு திரும்பாதுங்களா?"

சாம்பசிவன் கொட்டகையையும் ஆன்டெனாவையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார்.

"திரும்பும் மேஸ்திரி. நேரா வர்றதும் திரும்பி வர்றதும் கலந்தா கணக்கே கெட்டுப்போகும். இது எனக்கில்ல தோணியிருக்கணும்!"

தூணை உடைக்கக் கொண்டுவந்த கடப்பாரையாலேயே தொட்டையன் தகரத்தைப் பெயர்த்தார்.

மறுநாள் இரண்டு நாட்டுக் கோள்களும் ஒரே பேச்சாய்ப் பேச, விமானத்தின் முன்சக்கரம் கோட்டின் மேலேயே ஓடி நின்றது. எல்லாரும் விமானியிடம் ஓடினார்கள். சேகரன் தொட்டையனிடம் போனார்.

"காண்ட்ராக்டரே, நம்ம தூணு நட்ட இடத்துலயேதான் நிக்குதுங்க. வாக்கிங் போனது உங்க கொட்டாய்தான்."

பிறகு நிதானமாக நடந்துபோய், டயரில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை விரலால் தொட்டுவந்து, தூணின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார்.