காற்றுக் குழாயைப் பிடித்தவன்

அந்தச் சுற்றுலா நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இப்போதும் அந்த வாசகம் இருக்கிறது: ‘முத்துக்குளிப்பவர்களின் கடலில், அவர்களோடு ஒரு காலை.’ அதை ஆங்கிலத்தில் எழுதியவன் நான். அதில் முத்து என்பது பொய். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்று இரண்டு தலைமுறை ஆகிறது. இன்று கடலுக்கடியில் போகிறவர்கள் சங்கு எடுக்கப் போகிறார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சங்கு என்றால் புரியாது, முத்து என்றால் உடனே புரியும் என்று மேலாளர் சொன்னார். இருபத்தாறு வருடம் பத்திரிகையில் பிழை பார்த்தவன், ஒரு சொல்தானே என்று விட்டுவிட்டேன்.

அந்த நிறுவனம் வெளிநாட்டுப் பயணிகளை மலையேற்றத்துக்கும் காட்டு நடைக்கும் கூட்டிப்போகிறது. இங்கே, கரைக்கு எதிரே உள்ள தீவைச் சுற்றிய பவளப்பாறை. தீவில் இறங்க அனுமதி இல்லை என்பதால் தள்ளி நங்கூரம் போட்டு, விருந்தினர் முகமூடி மாட்டி மிதந்துகொண்டே கீழே பார்ப்பார்கள். கீழே ஒரு ‘முத்துக்குளிப்பவர்’ அவர்களுக்காக நீந்திக் காட்டுவார். அந்த ஆளைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான்.

அவர் தூத்துக்குடியில் கடலோரம் இருக்கும் திரேஸ்புரத்துக்காரர். பத்திரிகையில் இருந்த காலத்திலிருந்து பழக்கம். நாற்பதைத் தாண்டிவிட்டார். ஆழத்தில் மூன்று மணி நேரம் மணலைத் துழாவுவதற்குக் காது ஒத்துழைக்கவில்லை. “அரை மணி நேரம், ஆழமில்லாத எடம், சங்கு பொறுக்க வேண்டாம், சும்மா நீந்தணும். இது கெடச்சா எங் காது தப்பிச்சிரும் அண்ணாச்சி” என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

சங்கு குளிப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வள்ளத்தில் டீசல் எஞ்சினோடு ஒரு கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீண்ட குழாய் வழியாகக் காற்று கீழே போகும். வாயில் கடித்திருக்கும் அந்தக் குழாய்தான் உயிர். மேலே இருந்து அதைப் பிடிப்பவர் கூடுமானவரை மனைவியின் அண்ணனாகவோ தம்பியாகவோ இருப்பார். தங்கச்சியின் தாலியை நினைத்துக்கொண்டு பிடிப்பான் என்பார்கள். வேடிக்கையாகத்தான் சொல்வார்கள், ஆனால் ஆளை மாற்ற மாட்டார்கள். இவருக்குப் பதினெட்டு வருடமாகப் பிடித்தவர் மனைவியின் அண்ணன்.

அன்று காலை ஏழு மணிக்கு ஆறு பேர் படகருகே நின்றோம்: மேலாளர், வேறெங்கோ ஏரியில் படகோட்டிக்கொண்டிருந்த டிரைவர், நடுத்தர வயது வெளிநாட்டுத் தம்பதி, குளிப்பவர், மொழிபெயர்க்க நான். குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு ஏழாவதாக மச்சான் ஏற வந்தார். மேலாளர் கையை நீட்டித் தடுத்தார்.

“லைஃப் ஜாக்கெட் ஆறுதான் இருக்கு சார். சேஃப்டில நான் காம்ப்ரமைஸ் பண்ண மாட்டேன்.”

“எனக்கு அந்தச் சட்ட வேண்டாம். விழுந்தா நானே ஏறிக்கிடுவேன்” என்றார் மச்சான்.

“ரூல் ரூல்தான். டியூபை எங்க டிரைவர் பிடிப்பார்.”

குளிப்பவர் டிரைவரை மேலும் கீழும் பார்த்தார். “அவரு தங்கச்சியவா நான் கெட்டிருக்கேன்?”

எல்லோரும் சிரித்தோம். தம்பதிக்கு மொழிபெயர்த்தேன், அவர்களும் சிரித்தார்கள். ஆறு சட்டைகளில் ஒன்று என் மேல் இருந்தது. மேலாளருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும். நான் இறங்கியிருந்தால் அந்தப் படகில் எதுவும் குறைந்திருக்காது. அது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் பவளப்பாறையை நான் பார்த்ததில்லை, பார்க்க ஆசை.

“நான் பிடிக்கேன்” என்றேன்.

“ஒங்களுக்குத் தங்கச்சி இருக்கா அண்ணாச்சி?” என்றார் குளிப்பவர்.

“இருக்கா. ஒனக்குத் தர மாட்டேன்.”

மறுபடியும் சிரிப்பு. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. குழாயை என் கையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். “ஒரு இழு இழுத்தா நல்லா இருக்கான். ரெண்டு இழுத்தா இன்னும் டியூப்ப விடணும். மூணு இழுத்தா தூக்கிருங்க. நீங்க ஒண்ணு இழுத்தா அவன் பதிலுக்கு ஒண்ணு இழுக்கணும்.” அவர் சொன்னது அவ்வளவுதான். காற்றைப் பற்றிச் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை அல்லவா, அவருக்கு அது அப்படி. நானோ ஸ்ரீவைகுண்டத்துக்காரன். ஆற்றைத் தெரியும், கடலைத் தெரியாது. மேலாளருக்குத் தூத்துக்குடி முகவரி உள்ள எவனும் கடலோடிதான்.

தண்ணீர் கண்ணாடி போல் இருந்தது. வழக்கமாக முன்பக்கம் ஒரே நங்கூரம் போடுவார்கள். காற்று திரும்பினால் படகும் கூடவே திரும்பும். ஆனால் படகு திரும்பினால் எடுக்கப்போகும் வீடியோவில் வெளிச்சம் மாறும் என்று மேலாளர் பின்பக்கமும் ஒரு நங்கூரம் போடச் சொன்னார். படகு ஆணி அடித்ததுபோல் நின்றது. படகில் ஏற்றியிருந்த கம்ப்ரசரை எஞ்சினோடு ஓடவிட்டதும் குளிப்பவர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கினார். அந்தக் கணவரும் முகமூடியோடு இறங்கி மிதந்தார். மேலாளர் நீண்ட கோலில் கேமராவை மாட்டித் தண்ணீருக்குள் விட்டு, கையிலிருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது நிமிடம் எல்லாம் சரியாக இருந்தது. நான் ஒன்று இழுத்தேன், அவர் ஒன்று இழுத்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காலையில் காற்று கரையிலிருந்து வீசும். வெயில் ஏறியதும் கடலிலிருந்து வீசத் தொடங்கும். இங்கே கடலுக்குப் போகும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். படகில் இருந்த எவருக்கும் தெரியவில்லை. எஞ்சின் புகை அதுவரை வெளியே போய்க்கொண்டிருந்தது. காற்று திரும்பியதும், படகு திரும்ப முடியாததால், கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் வாயை நோக்கிப் புகை வந்தது. அந்தப் பெண்மணி கழுத்துத் துணியால் மூக்கை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். கடல் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன். பார்த்தேன், நினைத்தேன், மறுபடி கையிலிருந்த குழாயைப் பார்த்தேன். பார்ப்பதையே தொழிலாகச் செய்தவன் பார்த்த லட்சணம் அது.

ஒன்று இழுத்தேன். பதில் இல்லை. மறுபடி இழுத்தேன். இல்லை.

“பதில் வரல சார். தூக்கிரலாம்.”

“ஃப்ரேம்லதான் சார் இருக்கார். சூப்பரா இருக்கு, அசையாம நிக்கறார். ஒரு நிமிஷம்.”

அந்த ஒரு நிமிடம் நான் காத்திருந்தேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. இன்னும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். பிறகுதான் டிரைவரைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகத் தூக்கினோம். ஆள் கனமாக வந்தார். முகம் சிவந்திருந்தது. படகில் போட்டதும் வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்தார், எங்களைத் தெரியவில்லை. அந்தப் பெண்மணிதான் எஞ்சினைக் காட்டி, புகை முழுவதும் அந்தக் குழாய்க்குள் போகிறது என்று கத்தினார். நான் அதைத் தமிழில் சொன்னேன். யாருக்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

கரை சேர முக்கால் மணி நேரம். “மயக்கம்தான் சார், காலைல சாப்பிடலையோ என்னவோ” என்று மேலாளர் அதற்குள் மூன்று முறை சொன்னார். தம்பதியிடமும் அப்படியே சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொண்டார். நான் சொல்லாததை ஒரு நல்ல காரியமாக நான் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, புகை உள்ளே போயிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கொண்டுவந்து பயனில்லை என்றார். ஆக்சிஜன் வைத்தார்கள். மச்சான் வந்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்து, “ஏன் மாப்ள எறங்குன? நான் கரையில நிக்கேன், நீ எறங்குதே!” என்று கத்தினார். முகத்தில் ஆக்சிஜன் கூம்பு மாட்டியிருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கையை மட்டும் தூக்கினார். மச்சான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

பிறகு என்னிடம் திரும்பினார். நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். செய்தி சொல்வதுபோல, நேரம் உட்பட. கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நாலு தடவ இழுத்தேன்னு சொல்லுதிய. ஒரு தடவ தலயத் தூக்கி, புகை எங்க போவுதுன்னு பாத்தியளா அண்ணாச்சி?”

குளிப்பவர் உயிர் பிழைத்தார். அடுத்த மாதம் மேலாளர் போன் செய்தார். நலம் விசாரித்தார். பிறகு, அந்த மச்சான் விஷயம் விருந்தினர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது என்றார். “தங்கச்சி தாலி, அண்ணன் கையில கயிறு! செம ஸ்டோரி சார். அடுத்த பேட்ச்ல அவரையும் ஏத்திக்கலாம். ஏழாவது ஜாக்கெட் வாங்கியாச்சு. நீங்க ஒரு இருநூறு வார்த்தை எழுதிக் கொடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். இரண்டு நங்கூரம், திரும்பிய காற்று, அசையாமல் நின்ற மனிதன், ஒரு நிமிடம், அந்த நிமிடத்தைக் கொடுத்த நான். சரியாக இருநூறு வார்த்தை. மேலாளருக்கு ஒரு பிரதி, அந்தத் தம்பதிக்கு ஒரு பிரதி, படகுச் சுற்றுலாவுக்கு அனுமதி தரும் அலுவலகத்துக்கு ஒரு பிரதி. தம்பதியிடமிருந்து ஒரு வரி வந்தது: புகையை நாங்கள் பார்த்தோம், ஆனால் வெறும் மயக்கம் என்றுதானே எங்களிடம் சொன்னார்கள். அலுவலகத்திலிருந்து இதுவரை எதுவும் வரவில்லை. மேலாளர் அதன் பிறகு போன் செய்யவில்லை. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அன்று எடுத்த வீடியோ இருக்கிறது. அசையாமல் நிற்கும் காட்சிக்குக் கீழே, என்ன ஒரு அமைதி என்று யாரோ எழுதியிருக்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் திரேஸ்புரம் போனேன். குளிப்பவரும் மச்சானும் வள்ளத்தில் கம்ப்ரசரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மறுபடி சங்குக்குத்தான். அதே ஆழம், அதே காது. காதைக் காப்பாற்றிக்கொள்ள அவர் கேட்ட அந்த அரை மணி நேர வேலை இனி அவருக்கு இல்லை. அதற்கு நானும் ஒரு காரணம். புகையை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் அவர்களோடு வரலாமா என்று கேட்டேன்.

குளிப்பவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் நங்கூரக் கயிற்றைச் சுருட்டியபடியே சொன்னார்:

“வேண்டாம் அண்ணாச்சி. நீங்க வந்தா நான் ஒங்களயுமில்லா பாக்கணும்.”

வள்ளம் கிளம்பியது. மச்சான் முகத்தைத் திருப்பி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார்.